சொல்லாமல் விட்டது

டேட்டிங் செயலியில் நான் போட்டிருந்த ஐந்து படங்களில் ஒன்றுதான் நல்ல படம். 2016இல் கேமரன் மலையில் எடுத்தது. தேயிலைச் சரிவில், வெயில் இறங்கும் நேரத்தில், எதற்கோ சிரித்துக்கொண்டே திரும்பியிருப்பேன். முகத்தில் பூச்சு இல்லை. ஃபில்டர் எதுவும் போடவில்லை. ஒரே ஒரு வேலைதான் செய்தேன். படத்தின் கீழோரத்தில், புல்மேல், படம் எடுத்தவரின் நிழல் விழுந்திருந்தது. தலை, தோள், கைப்பேசியை உயர்த்திப் பிடித்த இரண்டு முழங்கைகள். அதை வெட்டிவிட்டுப் போட்டேன்.

அந்த நிழல் என் முன்னாள் கணவருடையது.

மணவிலக்கு 2019இல் முடிந்தது. செயலிக்குள் போனது 2022இல், என் 36 வயதில். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையெல்லாம் ஓய்ந்து, மனிதர்கள் மறுபடியும் மாமாக் கடைகளில் முழங்கை இடிக்க உட்காரத் தொடங்கியிருந்த சமயம். செயலி கேட்டதற்கெல்லாம் உண்மையே சொன்னேன். உயரம் 156 சென்டிமீட்டர். புகைப்பதில்லை. வயதை ஒரு மாதம்கூடக் குறைக்கவில்லை. நம் நாட்டில் அது வீண் வேலை. அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதிதான். எந்தப் பாரத்தை நிரப்பினாலும் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். என்ன தேடுகிறீர்கள் என்று செயலி கேட்டது, சொன்னேன். இதற்குமுன் மணமானவரா என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதில் அம்மாவின் ஆலோசனையும் உண்டு. "எடுத்த எடுப்புலயே டிவோர்ஸ்னு போட்டுடாத மா. ஒன்னைய பாத்து, பேசி, புடிச்சப்புறம் சொல்லிக்கலாம். மொதல்லயே சொன்னா ஆள பாக்கறதுக்கு முன்னாடி கதவ சாத்திடுவானுங்க." அம்மா சொன்னதில் பொய்யில்லை. நம் சமூகத்தில் மணவிலக்குப் பெற்ற ஆணிடம் 'பாவம், எப்படிச் சாப்பிடுகிறான்' என்று கேட்பார்கள். பெண்ணிடம் 'என்ன நடந்தது' என்று கேட்பார்கள். இந்திய ஆங்கிலப் பத்திரிகைகளின் மணமக்கள் விளம்பரங்களில் 'இன்னசன்ட் டிவோர்சி' என்று ஒரு பிரயோகம் உண்டு. குற்றமற்ற மணவிலக்காளர். அதைப் படிக்கும்போதெல்லாம், அந்த அடைமொழி இல்லாத நாங்கள் எல்லாரும் என்ன குற்றவாளிகளா என்று தோன்றும்.

ஆக, சொல்லாமல் விட்டதற்கு எனக்குக் காரணம் இருந்தது. அப்போது மனசாட்சி உறுத்தவும் இல்லை. உறுத்தல் பிறகு வேறு வழியாக வந்தது.

இணையத்தில் துணை தேடுகிறவர்கள் எல்லாரும் புளுகர்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2008இல் கேட்டலினா தோமா, ஜெஃப்ரி ஹான்காக், நிக்கோல் எலிசன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நியூயார்க்கில் இணையவழி துணை தேடிக்கொண்டிருந்த 80 பேரை வரவழைத்து, உயரத்தை அளந்தார்கள், எடை பார்த்தார்கள், ஓட்டுநர் உரிமத்தை வாங்கி வயதைச் சரிபார்த்தார்கள். 81 விழுக்காட்டினர் இந்த மூன்றில் ஒன்றிலாவது உண்மை தவறியிருந்தார்கள். ஆனால் தவறிய அளவு சிறியது. ஆண்கள் உயரத்தைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள், பெண்கள் எடையைக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள், அவ்வளவுதான். என்றைக்காவது நேரில் போய் நிற்க வேண்டும் என்ற நினைப்பு ஆளைக் கட்டிப்போடுகிறது போலும். எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு தகவல். எதில் உண்மையிலிருந்து அதிகம் விலகியிருக்கிறீர்கள் என்று அவர்களையே கேட்டபோது படங்களைச் சொன்னார்கள். எதில் மிகத் துல்லியமாக இருந்தீர்கள் என்றதற்கு உறவுநிலை பற்றிய தகவல் என்றார்கள். என் விஷயத்தில் இரண்டும் ஒரே படத்துக்குள் இருந்தன. படம் உண்மையானது. உறவுநிலையை வெட்டியெடுத்திருந்தேன்.

இந்த வேலைக்குச் செயலி தேவையே இல்லை என்பதற்கு என் தாத்தாவே சாட்சி. 1949இல் காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், கிள்ளானில் ஒரு ஸ்டூடியோவில் கோட்டு மாட்டிப் படம் எடுத்து நாமக்கல் பக்கம் இருந்த தூரத்துச் சொந்தத்துக்கு அனுப்பினார். கூடப் போன கடிதத்தில் தோட்டத்தில் கிராணி வேலை என்று எழுதியிருந்ததாம். பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்து இறங்கினார். "கோட்டு ஸ்டூடியோக்காரனுது. கையில கட்டியிருந்த வாட்ச்சும் அவனுது, அதுவும் ஓடாது" என்று பாட்டி சொல்லும்போதெல்லாம் வீடே சிரிக்கும். தாத்தாவும் சிரிப்பார். அது எங்கள் குடும்பத்தின் காதல் கதை.

பாட்டி அதை எப்போது கண்டுபிடித்தார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கண்டுபிடித்த அன்று அவர் சிரித்திருக்க வாய்ப்பில்லை என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. திரும்பிப் போகக் கப்பல் கட்டணம் யாரிடம் கேட்பது? போனாலும் அங்கே எந்த முகத்தோடு நிற்பது? 'ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு' என்ற பழமொழியை, 'ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி' என்பதுதான் மருவிவிட்டது என்று மேடையில் விளக்குகிறவர்கள் உண்டு. மருவியதோ இல்லையோ, மருவிய வடிவம்தான் வேலைக்கு ஆனது. ஏனென்றால் அந்த ஆயிரம் பொய்யும் வெளிப்படும்போது தாலி ஏறியிருக்கும். கேட்பவர் முடிவெடுக்கும் காலம் தாண்டும்வரை பொய் தாக்குப்பிடித்தால் போதும், பிறகு அது வேடிக்கைக் கதையாகிவிடும்.

நம் சட்டத்துக்கு இந்தக் கணக்கு தெரியும். 1982 மார்ச் முதல் நடப்பிலிருக்கும் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், பதிவுத் திருமணம் செய்ய விரும்புகிறவர்களின் அறிவிப்பை ஊர் பார்க்கும்படி ஒட்டிவைத்து 21 நாள் காத்திருக்கச் சொல்கிறது. ஆட்சேபம் உள்ளவர் வந்து சொல்லலாம். ஏற்கெனவே மணமாகி அது முடியாமல் இருந்தால் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் சட்டம் தேடுவது திருமணத்துக்குத் தடை எதுவும் உண்டா என்பதைத்தான். ஒரு நல்ல படத்தின் ஓரத்தில் யாருடைய நிழல் இருந்தது என்பதெல்லாம் அதற்கு வேண்டாத விஷயம்.

அவர் கேட்டது அதைத்தான்.

அவர் வடக்கே ஓர் ஊரில் இருக்கிறார். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, வேறு ஊரின் பெயரை இட்டு நிரப்பப்போவதும் இல்லை. பழக்கம் தொடங்கி இரண்டாவது வாரம், இரவு பதினொரு மணி இருக்கும், குறுஞ்செய்தி வந்தது. "இந்த கேமரன் படம் யாரு எடுத்தது? எடுத்தவங்களுக்கு உங்கள ரொம்ப புடிக்கும்னு பாத்தாலே தெரியுது."

நான் உடனே பதில் போட்டேன். "ஹாஹா. ஃப்ரெண்டுதான்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. விரல் சொன்ன பொய். ஆனால் அந்த நொடிவரை நான் ஒரு பக்கத்தில் இருந்தேன், அதற்குப் பிறகு வேறு பக்கத்தில் இருந்தேன். 'அது பெரிய கதை, அப்புறம் சொல்றேன்' என்று எழுதியிருக்கலாம். சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பிப் பேச்சை மாற்றியிருக்கலாம். இரண்டிலும் அவருக்கு ஏதோ இருக்கிறது என்று தெரிந்திருக்கும், கேட்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்திருப்பார். 'ஃப்ரெண்டுதான்' என்றதும் அந்தக் கேள்வியே அவரிடமிருந்து போய்விட்டது. பதில் கிடைத்துவிட்டது என்று நினைப்பவர் மறுபடி கேட்கமாட்டார்.

இமானுவேல் காண்ட் என்ற ஜெர்மானியத் தத்துவவாதியை, கொலைகாரன் வாசலில் வந்து உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் எழுதியவராகத்தான் பலருக்கும் தெரியும். நானும் அவரை அப்படித்தான் அறிந்திருந்தேன். கறாரான பெரியவர், நம்மைப் போன்ற ஆட்களுக்கு அவரிடம் இடமில்லை என்று. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு வந்த ஒரு கடிதத்தைப் பற்றிப் பிறகுதான் படித்தேன்.

1791இல் ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரத்திலிருந்து மரியா வான் ஹெர்பர்ட் என்ற இளம்பெண், கோனிக்ஸ்பெர்க்கில் இருந்த காண்டுக்கு எழுதினார். பக்தர் கடவுளிடம் முறையிடுவதுபோல முறையிடுகிறார். அவருக்கு முன்பொரு காதல் இருந்தது, அதில் ஏமாற்றப்பட்டிருந்தார். பிறகு இன்னொருவரை நேசித்தார். முதல் கதையை அவரிடம் நெடுநாள் மறைத்தார், இழந்துவிடுவோம் என்ற பயம். கடைசியில் சொல்லிவிட்டார். சொன்னதும் அந்த மனிதரின் அன்பு வற்றிவிட்டது, நட்பு மட்டும் மிஞ்சியது. உயிரை விடக்கூட நினைத்ததாகவும், காண்டின் எழுத்துதான் தடுத்ததாகவும் சொல்லி, இப்போது நான் என்ன செய்யட்டும் என்று கேட்கிறார்.

அந்தப் பெண்ணின் இடத்தில் என்னை வைத்துப் படிக்க எனக்கு ஒரு முயற்சியும் தேவைப்படவில்லை. 230 வருடம் கழித்து, கையில் ஒரு செயலியோடு, கிள்ளானில் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு காண்ட் பதில் எழுதுகிறார். எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மனிதன் தன் மனதில் இருப்பதையெல்லாம் திறந்து வைக்காமல் அடக்கிக்கொள்வது ஒன்று, பொய் வேறொன்று என்று பிரிக்கிறார். அடக்கம் மனித இயல்பின் ஒரு குறை, அவ்வளவுதான். மிக நெருங்கிய உறவிலும் அது இருக்கும். ஆனால் வாயைத் திறந்து சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். முழுவதும் சொல்லும் கடமை இல்லை, சொன்னது எதுவும் பொய்யாக இருக்கக்கூடாது. அம்மாவும் காண்டும் இவ்வளவு தூரம் ஒத்துப்போவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வள்ளுவரும் ஒரு சலுகை தருகிறாரே, தீமையில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மை வரிசையில் சேரும் என்று. வசதியான இடத்தில் எல்லாரும் அதை எடுத்து வைத்துக்கொள்கிறோம். ஆனால் 'ஃப்ரெண்டுதான்' என்ற சொல் யாருக்கு என்ன நன்மை தந்தது? எனக்கு, சங்கடமில்லாத ஓர் இரவைத் தந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

காண்ட் அந்தப் பெண்ணிடம் இன்னொரு கேள்வியும் வைக்கிறார். நீ இப்போது வருந்துவது பொய் சொன்னதற்காகவா, அல்லது அதை வெளியே சொல்லி இப்படி ஆகிவிட்டதே என்பதற்காகவா? இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு, துணி காயப்போடும் சாக்கில் பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ஏனென்றால் எனக்கு இரண்டாவதுதான் முதலில் வந்தது.

ஐந்தாவது மாதம், ஈப்போவில், பழைய நகரத்துக் கோப்பிக் கடை ஒன்றில் வைத்து அவரிடம் சொன்னேன். இருவருக்கும் நடுவில் இருக்கிற ஊர் என்று அதைத் தேர்ந்தெடுத்திருந்தோம், அது மூன்றாவது சந்திப்பு. 2014இல் கல்யாணம், 2019இல் மணவிலக்கு, பிள்ளை இல்லை. ஒத்திகை பார்த்த மாதிரி சொல்லி முடித்தேன். பார்க்கத்தான் செய்திருந்தேன், இரயிலில் வரும்போது. அவர் முகம் மாறவில்லை. "சொன்னதுக்கு நன்றி" என்றார். அப்பாடா என்று இருந்தது. கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "அப்ப அந்த கேமரன் படம்?" என்றார்.

"அவருதான் எடுத்தாரு."

"கல்யாணம் ஆனது எனக்கு பிரச்சன இல்ல. அத நான் கேக்கவே இல்லியே. போட்டோவத்தான் கேட்டேன். அதுக்கே பொய் சொல்லியிருக்கீங்கன்னா, வேற எதெதுக்கு சொன்னீங்கன்னு மனசு போவுது லா."

அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு காலையில் "பசியாறிட்டீங்களா" என்பது மட்டும் மூன்று வாரம் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

அன்பு வற்றியதைப் பற்றி காண்ட் மரியாவுக்கு எழுதியது எனக்கு ஒப்பவில்லை. நேர்மையாக ஒப்புக்கொண்ட பிறகும் அந்த மனிதர் குளிர்ந்தே இருந்தால், அவர் அன்பு ஒழுக்கத்தைவிட உடலைச் சார்ந்தது, எப்படியும் தானாகப் போயிருக்கும் என்கிறார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாத பெரியவர் இங்கே அவசரப்பட்டுவிட்டார். ஈப்போவில் என் எதிரில் இருந்தவருக்குப் போனது உடல் ஆசை இல்லை. நான் சொன்னதை நம்பிப் படுத்துத் தூங்கிய ஐந்து மாத இரவுகள் போயின. அவற்றை எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டியதாகிவிட்டது அவருக்கு. சின்னப் பொய்தான், ஆனால் முன்னால் சொன்ன எல்லா உண்மைக்கும் அது போய்ப் பரவிவிடுகிறது. 156 சென்டிமீட்டரைக்கூட அவர் சந்தேகித்திருப்பார்.

இதுவரைக்கும் என்னை நான் மன்னிக்க முடிகிறது. தவறினேன், ஒப்புக்கொண்டேன், விலை கொடுத்தேன். கட்டுரையை இங்கே முடித்தால் எனக்கு நல்லது. ஆனால் மரியாவின் கடிதக் கதைக்கு இன்னொரு பகுதி இருக்கிறது, அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

1793 ஜனவரியில் மரியா இரண்டாவது கடிதம் எழுதுகிறார். அந்த மனிதரோடு இருந்த சிக்கல் தீர்ந்துவிட்டது, ஆனால் தனக்குள் எல்லாம் காலியாகிவிட்டது, எதிலும் நாட்டமில்லை, எனக்கு ஆசையே இல்லாததால் ஒழுக்கமாக இருப்பது சுலபமாக இருக்கிறது என்கிறார். தத்துவம் படித்தவர்கள் பலர் அந்த வரியில் நின்றுவிடுகிறார்கள், ரே லாங்டன் என்ற தத்துவப் பேராசிரியர் 1992இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். காண்ட் என்ன செய்தார்? மரியாவுக்குப் பதில் எழுதியதாகத் தெரியவில்லை. பிப்ரவரியில் அவளுடைய கடிதங்களை வரிசைப்படுத்தி, தன் நண்பரான வணிகர் ராபர்ட் மதர்பியின் மகள் எலிசபெத்துக்கு அனுப்பிவைத்தார். கற்பனையில் மிதக்கும் பெண்களின் மனம் எப்படித் தடுமாறும் என்பதற்கு எச்சரிக்கைப் பாடமாக. மரியா 1803இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவளுடைய அந்தரங்கம் பாடமாக்கப்பட்டது அவளுக்குத் தெரிய வந்ததா என்பதற்கு நான் படித்த எதிலும் விடை இல்லை.

அடக்கம் குற்றமில்லை என்று ஒரு பெண்ணுக்கு எழுதிய கை, அவள் அடக்கி வைத்திருந்ததை எடுத்து இன்னொரு பெண்ணுக்கு அனுப்புகிறது. இதைப் படித்தபோது காண்ட்மேல் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரம்தான் நின்றது.

அவரைப் பற்றி நான் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. அவருக்குப் பேச்சு திக்கும். சில சொற்களில் மட்டும் இல்லை, பெரும்பாலும். மேலே நான் எழுதியிருக்கும் ஈப்போப் பேச்சு அந்த வேகத்தில் வரவில்லை. அதைச் சொல்லி முடிக்க அவருக்குப் பல நிமிடம் ஆனது, நான் என் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். செயலியில் அவர் இதைக் குறிப்பிட்டிருக்கவில்லை. எழுத்தில் அவர் வேகமானவர், கிண்டல்காரர், நான் ஒன்று எழுதுவதற்குள் மூன்று எழுதுவார். மூன்று மாதம் எழுதிக்கொண்டே இருந்தோம். அழைத்தால் எடுக்கமாட்டார், வேலை என்பார்.

என் புலனக் குழுவில் நானும் இரண்டு தோழிகளும் உண்டு. பள்ளிக்காலத்திலிருந்து. "வாய்ஸ் அனுப்பமாட்டேங்குறான்னா ஸ்கேம்தான் டீ. பணம் கேக்கப்போறான், பாரேன்" என்றாள் ஒருத்தி. அதில் தப்பில்லை. லவ் ஸ்கேமில் சேமிப்பை இழந்தவர்களின் செய்தி நம் பத்திரிகைகளில் வராத மாதம் இல்லை. முகம் தெரியாத ஆணைச் சந்திக்கப் போகும் பெண் அவன் பெயரையும் படத்தையும் தோழிகளிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கும் பயம் இருந்தது. குரல் அனுப்பச் சொல்லி அவரை நச்சரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அனுப்பினார். 47 நொடி. அதில் இரண்டு வாக்கியம்தான் இருந்தது. அதன் கீழே எழுத்தில் ஒரு வரி: "இதுக்குத்தான் அனுப்பல. எழுதும்போதுதான் நான் நெனைக்கிற வேகத்துல பேச முடியுது."

கேட்ட உடனே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவர் ஏமாற்றுக்காரர் இல்லை. சந்தேகம் அந்த 47 நொடியிலேயே தீர்ந்தது. தீர்ந்த பிறகு, அந்தக் குரல் பதிவைக் குழுவுக்கு அனுப்பினேன்.

பாதுகாப்புக்காக அனுப்பவில்லை. ஸ்கேம் இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பதிவை அனுப்பிவிட்டு அதன் கீழே நான் எழுதியது இது: "எனக்கு இதெல்லாம் ஒரு மேட்டர் இல்ல." ஒருத்தி சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டு, உடனே அழித்துவிட்டாள். அழித்ததற்கான தடம் அங்கே நின்றது. இன்னொருத்தி "பாவம் லா. நீ நல்லவ டீ" என்று எழுதினாள். நான் அதற்கு ஓர் இதயம் போட்டேன்.

அந்த இதயத்தைப் பற்றித்தான் நிறைய யோசித்திருக்கிறேன். கேமரன் படத்தில் நிழலை வெட்டியபோது என்னை நல்லபடியாகக் காட்டிக்கொள்ள நினைத்தேன், என் சொந்தச் சரக்கை வைத்து. குழுவில் செய்ததும் அதேதான், ஆனால் இம்முறை அவருடையதை வைத்து. ஒரு மனிதர் பல நாள் யோசித்து, தொண்டையை நெரித்துக்கொண்டு எனக்கு மட்டும் அனுப்பியது, என் பெருந்தன்மைக்கான படமாகிப் போனது. செயலியில் இருக்கும் ஐந்து படத்தையும்விட அதில்தான் நான் என்னை அதிகம் அலங்கரித்துக்கொண்டேன்.

நேர்மை என்றால் என்னைப் பற்றி நான் எவ்வளவு சொல்கிறேன் என்ற கணக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். செயலிகளும் அப்படித்தான் பழக்குகின்றன. படத்தைச் சரிபார்க்கிறோம், நீலக்குறி தருகிறோம், நீங்கள் நீங்கள்தான் என்று உறுதிசெய்கிறோம். அடுத்தவர் நம்பிக் கொடுத்ததை நான் எங்கே வைக்கிறேன் என்பதைச் சரிபார்க்கக் குறி ஏதும் இல்லை. மணவிலக்கை உரிய நேரத்தில் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்று அம்மாவோடு சேர்ந்து வாதாடிய நான், திக்கலை உரிய நேரத்தில் சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்த அதே உரிமையை நச்சரித்துப் பிடுங்கினேன். பிடுங்கியதை ஊருக்கும் காட்டினேன். இரண்டு பேர்தான் என்று சொல்லலாம். காண்டும் ஒருத்திக்குத்தான் அனுப்பினார்.

ஈப்போவில் நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகத்தான் அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நடந்துகொண்டேன். மணவிலக்கையும் படத்தையும் சொன்னேன், குரல் பதிவைச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இங்கே காண்டின் பிரிப்பு எனக்கு உதவவில்லை. கேட்காதவரிடம் சொல்லாமல் இருப்பது அடக்கம்தான், பொய் இல்லை. ஆனால் மறைத்தது என்னுடையதாக இருந்தால்தானே அது அடக்கம்? அவருடைய பொருள் என்னிடமிருந்து கைமாறியதை அவரிடம் சொல்லாமல் இருப்பதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒப்புக்கொள்வதிலும் நான் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து ஓரத்தை வெட்டியிருக்கிறேன் என்பது மட்டும் தெரிகிறது.

இப்போது இந்தக் கட்டுரை. ஊரைச் சொல்லவில்லை, பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அந்த 47 நொடியை மறுபடியும் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன், இம்முறை இரண்டு பேரைவிட அதிகம் பேருக்கு. அதுவும் என் குற்றத்தை நானே சொல்லிக்கொள்ளும் நல்ல பெண்ணாக. 'நீ நல்லவ டீ' என்று யாராவது பின்னூட்டம் போடக்கூடும். இதை யோசித்து மூன்று முறை எழுதுவதை நிறுத்தினேன். கடைசியில், ஆசிரியருக்கு அனுப்புவதற்கு முன் அவருக்கு அனுப்பினேன், ஒன்றரை ஆண்டு கழித்து. இதைப் போடுவதா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன் என்று ஒரு வரி சேர்த்தேன்.

பதினோரு நாள் பதில் இல்லை. இரண்டு நீலக் கோடுகள் முதல் நாளே வந்துவிட்டன.

பன்னிரண்டாம் நாள் எழுதினார். "52 நொடி. 47 இல்ல." போய்ப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. மேலே திருத்தாமல் விட்டிருக்கிறேன், நான் எவ்வளவு கவனமாகக் கேட்டேன் என்பது தெரியட்டும். அடுத்து இன்னொரு செய்தி. "அந்த ரெண்டு பேரும் இத படிப்பாங்கல்ல?"

"படிப்பாங்க" என்று எழுதினேன்.

தட்டச்சு செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது, நின்றது. மறுநாள் காலையில்தான் பதில் வந்திருந்தது. "சரி. போடுங்க."

குழுவில் நான் அந்தப் பதிவை அழித்துவிட்டேன். அவர்கள் இருவரும் ஏன் என்று இன்னும் கேட்கவில்லை.